சாலை மிதிவண்டியில் அறுந்த கியர் ஒயரைப் பழுதுநீக்குதல்

கியர் ஒயர் என்பது மிதிவண்டியின் ஹேண்டில்பாரில் உள்ள கியர் மாற்றும் நெம்புகோலையும், பின்சக்கரத்தின் அருகே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் டெரய்லர் என்னும் கருவியையும் இணைக்கும் மெல்லிய எஃகுக் கம்பிவடமாகும். இதன் தடிமன் ஏறத்தாழ 1.2 மி.மீ. மட்டுமே. வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சாலை மிதிவண்டிகளில் பிரேக்கும் கியரும் ஒரே கைப்பிடியில் அமைந்திருக்கும். அந்தக் கைப்பிடியை ஷிஃப்டர் என்பர். சாலை மிதிவண்டியின் கியர் ஒயர் பெரும்பாலும் இந்த ஷிஃப்டருக்குள்ளேதான் அறுகிறது. ஒயர் மலிவானது, ஷிஃப்டர் விலை உயர்ந்தது. அறுந்த ஒயரின் துண்டை எப்படி வெளியே எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஷிஃப்டர் பிழைப்பதும் பாழாவதும் அமைகிறது.

இருக்கன்குடிச் சாலையில் ஒரு கணக்கு

விருதுநகர் மாவட்டம் சாத்தூரிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இடத்தில் இருக்கன்குடி உள்ளது. மாரியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சாத்தூர் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைப்பது. நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு மிதிவண்டியில் வருவோரில் பலர் மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று இந்தச் சாலையிலேயே இறங்குகிறார்கள்.

இப்பகுதி சமதளமானது, ஏற்றங்கள் மிகக் குறைவு. எனவே கியர் ஒயர் அறுந்தால் பெரிய இடர் இல்லை என்று தோன்றலாம். ஆனால் ஆடி மாதத்தில் நிலை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே புகுந்து கிழக்கு நோக்கி வேகமாக வீசுகிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் நிறைந்திருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும்.

பின் ஒயர் அறுந்தவுடன், டெரய்லரின் சுருள்வில் செயினை மிகச்சிறிய பல்சக்கரத்துக்கு இழுத்துவிடும். அது பொதுவாக 11 பற்கள் கொண்டது. முன்னால் 50 பற்கள் கொண்ட பெரிய வளையத்தில் செயின் இருந்தால், மிதிகட்டை ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 9.5 மீட்டர் நகர வேண்டும். எதிர்க்காற்றில் இதை மிதிப்பது முழங்காலுக்குத் தண்டனை. முன் டெரய்லரின் ஒயர் தனியானது என்பதால் அது இன்னும் வேலை செய்யும். 34 பற்கள் கொண்ட சிறிய வளையத்துக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு 6.5 மீட்டர் ஆகிறது. பின் செயினை 13 பற்கள் கொண்ட பல்சக்கரத்தில் நிறுத்த முடிந்தால் 5.5 மீட்டர். கியர் இல்லாத சாதாரண சைக்கிளும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 மீட்டர்தான் நகர்கிறது. ஆகவே வழியில் செய்ய வேண்டிய தற்காலிகப் பழுதுநீக்கத்தின் நோக்கம் எளியது: சாலை மிதிவண்டியைச் சில மணி நேரத்துக்கு ஊர்ச் சைக்கிள் போல ஆக்கிக்கொள்வது.

ஒயரும் உறையும்

நெகிழும் உறைக்குள் கம்பியை ஓடவிட்டு இழுவிசையைக் கடத்தும் முறை பௌடன் கம்பிவடம் எனப்படுகிறது. எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஒயரும் சைக்கிளின் பிரேக் ஒயரும் இதே முறையில்தான் இயங்குகின்றன. உள்ளே இருக்கும் கம்பி இழுக்கும்போது வெளியே உள்ள உறை அதே அளவு விசையைத் தாங்கி எதிர்த்து நிற்க வேண்டும். உறை அமுங்கினால், கம்பி இழுத்த தூரத்தில் ஒரு பகுதி வீணாகிவிடும்.

கியர் ஒயரும் பிரேக் ஒயரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறானவை. பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமன் கொண்டது. அதன் உறை, ஒரு தட்டைக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிச் செய்யப்பட்டது. அது வலிமையானது, ஆனால் சிறிது அமுங்கும். கியர் உறையில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டு மேலே பிளாஸ்டிக் பூசப்பட்டிருக்கும். அது அமுங்காது, ஆனால் பிரேக்கின் பெரும் விசையைத் தாங்காது. கியர் உறையை எக்காரணம் கொண்டும் பிரேக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. அவசரமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துவிடலாம். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் ஆபத்தில்லை, ஆனால் கியர் சரியாக விழாது.

ஏன் சரியாக விழாது என்பதை எண்களில் பார்க்கலாம். பின்னால் 10 பல்சக்கரங்கள் கொண்ட ஷிமானோ அமைப்பில் இரண்டு பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 3.95 மி.மீ. நெம்புகோலை ஒருமுறை சொடுக்கினால் ஒயர் ஏறத்தாழ 2.3 மி.மீ. நகர்கிறது. டெரய்லர் அதை 1.7 மடங்காகப் பெருக்குகிறது. ஒயரில் அரை மில்லிமீட்டர் தளர்ந்தால் செயின் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தவறான இடத்தில் நிற்கும். இரண்டு பல்சக்கரங்களிலும் முழுமையாக அமராமல் கரகரவென்று ஓடும் செயினுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஏன் ஷிஃப்டருக்குள் அறுகிறது

பழைய பந்தய மிதிவண்டிகளில் கியர் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்தது. ஒயர் அங்கிருந்து கிட்டத்தட்ட நேராகவே டெரய்லருக்குச் சென்றது. சொடுக்குகள் இல்லை, உராய்வால் மட்டுமே நெம்புகோல் நின்றது. ஓட்டுபவர் ஒலியைக் கேட்டு, விரலால் தேடிக் கியரைப் பிடிக்க வேண்டும். 1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் சொடுக்குச் சொடுக்காக மாறும் அமைப்பைத் தன் டூரா-ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. 1990-இல் அந்த அமைப்பு பிரேக் பிடிக்கும் கைப்பிடிக்குள்ளேயே சென்றது. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமல் கியர் மாற்றும் வசதி அப்போது வந்தது. இத்தாலியின் காம்பக்னோலோ 1992-இல் தன் அமைப்பை வெளியிட்டது.

அந்த வசதிக்கு ஒயர் கொடுத்த விலை அதிகம். ஷிஃப்டருக்குள் ஒரு சிறிய உருளை இருக்கிறது. ஒயரின் தலை அதில் அமர்ந்திருக்கும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒயர் அந்த உருளையில் சுற்றிக்கொள்ளும் அல்லது அவிழும். உருளையின் விட்டம் சிறியது என்பதால் வளைவு மிக இறுக்கமானது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மடக்கி நிமிர்த்தினால் அது உடைவதைப் போல, ஒயரின் நுண்ணிழைகள் தலைக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்றாக உடைகின்றன. பொறியியலில் இது உலோகக் களைப்பு எனப்படும். கியர் ஒயர் பொதுவாக 19 நுண்ணிழைகளை முறுக்கிச் செய்யப்படுகிறது. நான்கைந்து இழைகள் உடைந்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். மீதமுள்ள இழைகள் கூடுதல் சுமையைத் தாங்கி விரைவில் களைத்து, ஒருநாள் மொத்தமாக அறுந்துவிடும்.

பிற்கால ஷிஃப்டர்களில் ஒயர் வெளியே வந்தவுடன் ஹேண்டில்பார் நாடாவுக்கு அடியில் திரும்புகிறது. இது பார்வைக்கு அழகாக இருந்தாலும், கூடுதலாக ஒரு வளைவை உண்டாக்குகிறது. ஓட்டுபவரின் வியர்வையும் அங்கேதான் இறங்குகிறது. விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் ஓட்டுபவரின் கையிலிருந்து வழியும் உப்பு நீர், பூச்சில்லாத சாதாரண எஃகு ஒயரை உள்ளிருந்து அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஒயர் அரிமானத்தைத் தாங்கும், ஆனால் களைப்பிலிருந்து அதற்கும் விலக்கில்லை.

வலது ஒயரே அதிகம் அறுகிறது. முன் கியரைவிடப் பின் கியர் பலமடங்கு அதிகமாக மாற்றப்படுவதே காரணம்.

முன்னறிவிப்பு

ஒயர் சொல்லாமல் அறுவது அரிது. இழைகள் ஒவ்வொன்றாக உடையும்போது ஒயர் சிறிது சிறிதாக நீள்கிறது. நேற்றுச் சரிசெய்த கியர் இன்று மீண்டும் பிசகும். நெம்புகோலைச் சொடுக்கினால் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கும். திருகைத் திருகிச் சரிசெய்தால் இரண்டு நாளில் பழைய கதையே திரும்பும். ஒயரை ஓரளவு புதிதாகவே மாற்றிய வண்டியில், உறையும் நன்றாக இருக்கும்போது இப்படி அடிக்கடி பிசகினால், ஷிஃப்டருக்குள் இழைகள் உடையத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். நெம்புகோலில் சொரசொரவென்ற உணர்வோ, ரப்பர் உறையின் அடியில் முள்போல ஓர் இழை நீட்டிக்கொண்டிருப்பதோ தெரிந்தால் ஐயமே இல்லை.

இந்த நிலையில் ஒயரை மாற்றுவது பத்து நிமிட வேலை. அறும்வரை ஓட்டினால் தலை உள்ளே சிக்கிக்கொள்ளும். உடைந்த இழைகள் உருளையைச் சுற்றியுள்ள பற்களுக்கிடையே புகுந்து, சில வேளைகளில் நெம்புகோலையே இறுக்கிவிடும். தொடர்ந்து ஓட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பின் ஒயரை மாற்றிவிடுவது வழக்கம். நெடும்பயணம் புறப்படும் முன் மாற்றுவது இன்னும் நல்லது.

வழியில் அறுந்தால்

முதலில் சாலையின் விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். நான்குவழிச் சாலையில் லாரிகள் ஓரக்கோட்டை ஒட்டியே வரும். அங்கே குனிந்து டெரய்லரைப் பார்ப்பது அறிவீனம்.

மிக எளிய வழி, டெரய்லரின் எல்லைத் திருகைப் பயன்படுத்துவது. டெரய்லரில் இரண்டு சிறு திருகுகள் அருகருகே இருக்கும். செயின் சிறிய பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் தடுப்பது ஒன்று. பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் விழாமல் தடுப்பது மற்றொன்று. முதலாவது திருகை வலஞ்சுழியாகத் திருகினால் டெரய்லர் உட்புறம் நகரும். மாதிரியைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு பல்சக்கரம் உள்ளே தள்ளலாம். எது முதல் திருகு என்று தெரியாவிட்டால், இரண்டையும் சிறிது திருகிப் பார்த்து, எதைத் திருகும்போது டெரய்லர் அசைகிறதோ அதுவே உரியது என்று கண்டுகொள்ளலாம். எத்தனை சுற்று திருகினோம் என்பதை எண்ணி வைத்துக்கொண்டால், பின்பு பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிது.

இன்னும் உள்ளே தள்ள வேண்டுமானால், அறுந்த ஒயரின் மீதியே உதவும். ஒயர் சட்டத்தின் வெளிப்புறம் ஓடும் வண்டிகளில், டெரய்லரைக் கையால் நடுப் பல்சக்கரம்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒயரின் அறுந்த முனையை இழுத்துத் தண்ணீர்க் குடுவைத் தாங்கியின் திருகுக்கு அடியில் சுற்றி இறுக்கலாம். ஒயர் சட்டத்துக்குள் ஓடும் வண்டிகளில் இது இயலாது. அவற்றில் ஒயரின் ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு முனையில் முடிச்சிட்டு, டெரய்லரின் பின்னுள்ள பேரல் அட்ஜஸ்டர் என்னும் துளைத்திருகு வழியே செலுத்தி, நடுப் பல்சக்கரத்தில் நிறுத்தி இறுக்கிவிடலாம்.

எந்தக் கருவியும் கையில் இல்லாதவர், டெரய்லரின் இணைகர அமைப்புக்குள் ஒரு குச்சியை ஆப்பாகச் செருகலாம். இப்பகுதியில் குச்சிக்குப் பஞ்சமில்லை. கண்மாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேலம் நிற்கிறது. அதன் முள்ளே வழியில் டயரைப் பஞ்சராக்கும் முதல் எதிரி என்பதால், குச்சியை முள் நீக்கி எடுக்க வேண்டும். செருகிய குச்சியை நாடாவாலோ கயிற்றாலோ கட்டாமல் ஓட்டக் கூடாது. அது நழுவி டெரய்லர் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தால் சக்கரம் அந்தக் கணமே நின்றுவிடும்.

இந்த மூன்றில் எதைச் செய்தாலும், அறுந்த ஒயர் தொங்கிக்கொண்டிருக்க விடக் கூடாது. சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

மாற்று ஒயர் தேடல்

தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் சைக்கிள் கடை உண்டு. அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டிகள் கியர் இல்லாதவை. ஊர்ப்புறக் கடைகளின் சரக்கும் அத்தகைய வண்டிகளுக்கு ஏற்றதே: டயர், டியூப், செயின், பெடல், பிரேக் கட்டை, பிரேக் ஒயர். இதனால் சாலை மிதிவண்டி ஓட்டுபவர் கடைக்குச் சென்று தன் வண்டியைக் காட்டி ஒயர் கேட்டால், இந்த வண்டிக்கு மதுரையில்தான் கிடைக்கும் என்ற பதில் வருவது இயல்பு.

அந்தப் பதில் முழுக்கச் சரியன்று. ஷிமானோவின் சாலை மிதிவண்டிக் கியர் ஒயருக்கும் மலை மிதிவண்டிக் கியர் ஒயருக்கும் தலையின் அளவும் தடிமனும் ஒன்றே. பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஓட்டும், நேர் ஹேண்டில்பாரும் 18 அல்லது 21 கியரும் கொண்ட சைக்கிள்களின் கியர் ஒயர், ஷிமானோ ஷிஃப்டர் கொண்ட விலை உயர்ந்த பந்தய மிதிவண்டிக்கும் பொருந்தும். ஆகவே சாலை மிதிவண்டிக்கு ஒயர் என்று கேட்பதைவிட, கியர் சைக்கிளுக்குப் பின் கியர் ஒயர் என்று கேட்பது பயன் தரும். கியர் சைக்கிள்கள் ஓடும் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் போன்ற நகரங்களில் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போது நீளத்தைப் பார்க்க வேண்டும். முன் கியருக்கான ஒயர் குட்டையானது. பின் கியருக்கு 2 மீட்டர் அளவுள்ள ஒயர் பாதுகாப்பானது. மிஞ்சுவதை வெட்டிக்கொள்ளலாம், குறைவதை ஒட்ட முடியாது.

காம்பக்னோலோ ஒயரின் தலை சற்றுச் சிறியது. ஷிமானோ ஒயர் அதில் நுழைந்து சிக்கிக்கொள்ளக் கூடும். சில பொது ஒயர்களில் இரு முனைகளிலும் தலை இருக்கும். வண்டிக்கு உரியதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். பிரேக் ஒயரின் தலையை அரத்தால் ராவிச் சிறியதாக்கிப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாத வேலை. தடித்த ஒயர் கியர் உறைக்குள் உரசி நிற்கும், ஷிஃப்டரின் உருளையிலும் சரியாகச் சுற்றாது.

நெடும்பயணம் செல்பவர் ஒரு பின் கியர் ஒயரைச் சுருட்டி இருக்கைப் பையில் வைத்துக்கொண்டால் இந்தத் தேடலே தேவைப்படாது. அதன் எடை ஒரு கைக்குட்டையின் எடைகூட இருக்காது.

சிக்கிய தலையை எடுத்தல்

பழுதுநீக்கத்தில் பொறுமை மிகவும் தேவைப்படும் பகுதி இது. ஒயரின் தலை உருளையில் அமர்ந்திருக்கும் குழிக்கு நேரே, ஷிஃப்டரின் உடலில் ஒரு துளை உண்டு. உருளை ஒரே ஒரு நிலையில்தான் குழியும் துளையும் நேராக வரும். அது மிகச்சிறிய பல்சக்கரத்துக்கு உரிய, ஒயர் முழுவதும் விடப்பட்ட நிலை. எனவே ஒயரை விடுவிக்கும் நெம்புகோலை மீண்டும் மீண்டும் சொடுக்கி, இனிச் சொடுக்கு விழாது என்னும்வரை கொண்டுவர வேண்டும். ஒயரில் இழுவிசை இல்லாததால் உருளை சில வேளை தானாகத் திரும்பாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஏதேனும் இருந்தால் அதைச் சிறு இடுக்கியால் மெல்லப் பிடித்து இழுத்தவாறு சொடுக்கலாம்.

பழைய வகை ஷிஃப்டர்களில் பிரேக் நெம்புகோலை இழுத்துப் பிடித்தாலே துளை தெரியும். புதியவற்றில் ரப்பர் உறையை ஓரத்திலிருந்து மெல்ல உருட்டி விலக்க வேண்டும். துளை உட்புறமா வெளிப்புறமா என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். சிலவற்றில் அதன்மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொள்வது நல்லது. கரிசல் மண்ணில் விழுந்த கறுப்புத் திருகை மீண்டும் கண்டெடுத்தவர் குறைவு.

ஒயர் தலைக்கு மிக அருகில் அறாமல் ஓரிரு அங்குல வால் மிஞ்சியிருந்தால், வாலைப் பின்னாலிருந்து தள்ளினால் தலை துளை வழியே வெளியே வரும். வால் இல்லாவிட்டால் கோணூசி போன்ற ஒன்றால் தலையைத் துளைப்பக்கம் நெம்ப வேண்டும். வண்டியைச் சாய்த்து, கைப்பிடியை மெல்லத் தட்டுவதும் உதவும். சாதாரண எஃகு ஒயராக இருந்தால் காந்த முனை கொண்ட திருப்புளி இழைகளை ஈர்க்கும்.

தலை வெளியே வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. வெளியே வந்த துண்டின் இழைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அறுந்த இடத்தில் சில இழைகள் குட்டையாக இருந்தால், அவற்றின் முனைகள் உள்ளே உதிர்ந்திருக்கலாம். கைப்பேசி விளக்கால் உள்ளே பார்த்து, மயிர்பிடுங்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஓர் இழை மிஞ்சினாலும் அது பற்களுக்கிடையே புகுந்து, அடுத்த வாரம் ஷிஃப்டரை முடக்கலாம். இழைகள் ஊசிபோல் கூர்மையானவை. விரல் நுனியில் ஏறினால் எளிதில் வராது என்பதால் வெறுங்கையால் துழாவக் கூடாது.

நெம்புகோல் இறுகிப்போயிருந்தால் வலிந்து அழுத்தவே கூடாது. உள்ளிருக்கும் சொடுக்குப் பற்கள் சிறியவை. கைவலிமைக்கு முன் அவை நிற்கா. இத்தகைய ஷிஃப்டர்கள் பிரித்து மீண்டும் கோக்கும் வகையில் வடிவமைக்கப்படுபவை அல்ல. கியர் மிதிவண்டிகளில் பழக்கமுள்ள பழுதுநீக்குநரிடம் கொண்டுசெல்வதே தக்கது.

புதிய ஒயரைப் பொருத்துதல்

பழைய ஒயரின் மீதியை டெரய்லர்ப் பக்கம் உருவும் முன் ஒரு நொடி நிற்க வேண்டும். சட்டத்துக்குள் ஒயர் ஓடும் வண்டியானால், பழைய ஒயரின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகிச் சட்டம் முழுவதும் கடத்திவிட்டு, அதன் பிறகே ஒயரை உருவ வேண்டும். புதிய ஒயர் அந்தக் குழாய் வழியே நேராகப் போய்ச் சேரும். இதை மறந்து உருவியவர்கள், இருண்ட குழாய்க்குள் ஒயரின் முனையைத் தேடி ஒரு மாலைப் பொழுதையே இழப்பதுண்டு.

உறையைச் சோதிப்பது அடுத்த வேலை. பின் டெரய்லருக்குள் நுழையும் கடைசி வளைந்த துண்டுதான் அதிகம் கெடும். சக்கரம் கிளப்பும் தூசி அங்கே படிகிறது. இப்பகுதியின் கரிசல் மண் காய்ந்தால் மாவுபோன்ற தூசியாகவும், மழை பெய்தால் பசைபோன்ற சேறாகவும் மாறும் இயல்புடையது. பெடல் அச்சுக்கு அடியில் ஒயர் சறுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் வழிகாட்டியிலும் இந்தச் சேறு உறைந்திருக்கும். வெளிப்புற ஒயர் உள்ள வண்டிகளில் அதைச் சுரண்டித் துடைக்காமல் புதிய ஒயர் போடுவது வீண். உறைக்குள் புதிய ஒயரை விட்டு இழுத்துப் பார்த்தால் தடையின்றி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அந்தத் துண்டையும் மாற்றலாம்.

உறையைக் கம்பிவடம் வெட்டும் கட்டரால் செங்குத்தாக வெட்ட வேண்டும். சாதாரண கட்டிங் பிளேயர் உறையை நசுக்கும், ஒயரின் இழைகளைப் பிரித்துவிடும். கட்டர் இல்லாத இடத்தில் லேத் அல்லது வெல்டிங் பட்டறையின் அறுக்கும் சக்கரத்தில் வெட்டுவதும் உண்டு. தீப்பொறி பறக்கும் அந்த வேலையைப் பட்டாசு, தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்களில் பட்டறைக்கு வெளியே எங்கும் செய்யலாகாது. வெட்டிய பின் உள்ளே மூடிக்கொண்ட பிளாஸ்டிக் குழலை ஊசியால் திறந்து, முனையில் தொப்பி போட வேண்டும்.

ஒயரை ஷிஃப்டரின் துளை வழியே விட்டு, தலை குழியில் முழுமையாக அமரும்வரை இழுக்க வேண்டும். இன்றைய உறைகளுக்குள் வழுக்கும் குழல் இருப்பதால் ஒயருக்குத் தடித்த கிரீஸ் தேவையில்லை. கிரீஸ் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும் என்பதால் அதுவும் ஆகாது.

டெரய்லரின் பேரல் அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகி, பின்பு ஒரு சுற்று வெளியே திருப்பி வைக்க வேண்டும். ஒயரைக் கையால் தளர்வில்லாமல் இழுத்து, பிடிதிருகின் அடியில் உள்ள பள்ளத்தில் வைத்து இறுக்க வேண்டும். மாதிரியைப் பொறுத்து 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ போதும். ஒயர் பள்ளத்தில் அமராமல் திருகின் தவறான பக்கத்தில் போனால் இழுவிசையின் அளவே மாறிவிடும். எத்தனை முறை சீர்செய்தாலும் கியர் நிலைக்காது.

கியரைச் சீர்செய்தல்

வழியில் எல்லைத் திருகைத் திருகியிருந்தால் முதலில் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். பின்பு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, பெடலைச் சுற்றியபடி நெம்புகோலை ஒருமுறை சொடுக்க வேண்டும். செயின் இரண்டாவது பல்சக்கரத்துக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஒயர் தளர்வாக உள்ளது. பேரல் அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். தாண்டி மூன்றாவதுக்கு ஓடினால் இறுக்கம் அதிகம். வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஒரு முழுச் சுற்று ஒயரை ஏறத்தாழ 0.8 மி.மீ. நகர்த்தும் என்பதால் கால் சுற்றின் வேறுபாடே காதுக்குத் தெரியும்.

நல்ல சோதனை ஒன்று உண்டு. செயின் இரண்டாவது பல்சக்கரத்தில் ஓடும்போது, நெம்புகோலைச் சொடுக்கு விழாத அளவுக்கு மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். அப்போது செயின் மூன்றாவது பல்சக்கரத்தை உரசும் ஒலி இலேசாகக் கேட்டு, நெம்புகோலை விட்டவுடன் நின்றால் இறுக்கம் சரியாக உள்ளது.

புதிய ஒயர் முதல் சில நாட்களில் தளரும். ஒயர் நீண்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உறையின் முனைகள் தொப்பிகளுக்குள் நன்கு அமர்வதே பெரும்பாலும் காரணம். பொருத்தியவுடனேயே சட்டத்தின் ஓரம் தெரியும் ஒயரை விரலால் நாலைந்து முறை வெளிப்புறமாக இழுத்துவிட்டு மீண்டும் ஒருமுறை இறுக்கினால், அடுத்த நாள் வழியில் நிற்க நேராது. மிஞ்சிய ஒயரை நாலு சென்டிமீட்டர் அளவு விட்டு வெட்டி, முனையில் அலுமினியத் தொப்பி மாட்டி நசுக்க வேண்டும். தொப்பி இல்லாவிட்டால் ஒரு துளி விரைவுப் பசையும் இழைகளைப் பிரியாமல் காக்கும்.

ஒயர் இல்லாத கியர்

2009-இல் ஷிமானோ மின்கியர் அமைப்பை வெளியிட்டது. அதில் நெம்புகோலுக்குப் பதில் பொத்தான். டெரய்லரில் சிறு மோட்டார். இழுக்கும் ஒயர் இல்லாததால் அறுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மின்கலம் தீர்ந்தால் வண்டி கடைசியாக இருந்த கியரிலேயே நின்றுவிடும். மின்சாரம் ஏற்ற ஓர் இடம் தேட வேண்டும். அதன் உதிரிபாகங்கள் பெருநகரங்களுக்கு வெளியே கிடைப்பது அரிது. நெடுந்தொலைவு செல்பவர்களில் ஒயர் கியரையே விரும்புவோர் இன்றும் பலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டிய துண்டுகள்

பழுதுநீக்கம் முடிந்த இடத்தில் வெட்டிய ஒயர் முனைகளும் உதிர்ந்த இழைகளும் கிடக்கும். ஆடி மாதத்தில் இருக்கன்குடிக்குச் செல்லும் சாலைகளில் பக்தர்கள் கூட்டங்கூட்டமாக நடந்து வருகிறார்கள். பலர் காலில் செருப்பு அணிவதில்லை. தார்ச்சாலையில் மல்லாந்து கிடக்கும் எஃகு இழை, கருவேல முள்ளைப் போலக் கண்ணுக்குத் தெரியாது. ஏறினால் முள்ளைப் போல முறித்து எடுக்கவும் வராது. வேலை தொடங்கும் முன் தரையில் ஒரு துணியை விரித்துக்கொண்டால், முடிந்ததும் துண்டுகளை அதிலேயே சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.